உடம்புக்குள்ளே ஒரு சுழல் நிதி

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



கொஞ்ச நாளாக ஒரு செய்தி செல்போனில் சுற்றிக்கொண்டு இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கிற கெட்ட செல்லையெல்லாம் நல்ல செல் தின்றுவிடும், புற்றுநோய் வராது, சர்க்கரை ஓடிவிடும், ஜப்பான் விஞ்ஞானி ஒருவர் இதைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினார் என்று அதில் இருக்கும். கூடவே வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் படம். படம் உண்மை. பரிசும் உண்மை. நடுவில் இருக்கிற வாக்கியங்கள்தான் வம்பு.

இதை நம்பி ஒரு அக்கா, காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காமல் நாற்று நடப் போயிருக்கிறார். பத்து மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நினைவு தப்புவதற்குள் கூட இருந்தவர்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். இன்னொரு குழுவில் ஒரு தங்கச்சி, எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். இரத்தம் சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 கிராம்கூட இல்லை.

அதனால்தான் நிர்வாகிகளிடம் நானே கேட்டு வாங்கிப் பேசுகிறேன். அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கிற விஞ்ஞானம் அருமையான விஞ்ஞானம். அதை முழுசாகத் தெரிந்துகொண்டால், அடுத்த தடவை அந்தச் செய்தி வரும்போது அனுப்பினவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிடலாம்.

சேமிப்பு கொஞ்சம், சுழற்சி அதிகம்

நம் உடம்பு செல்களால் ஆனது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு ஆள் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது ஒவ்வொன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடித்தனமே நடக்கிறது. சத்தை எரித்துச் சக்தி எடுக்கிற அடுப்பு உண்டு, அதற்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். புரதம் தயார் பண்ணுகிற இடம் உண்டு. குறிப்பு எழுதி வைத்த பெட்டி மாதிரி நடுவில் உட்கரு உண்டு.

இந்தச் சாமான் எதுவும் நிரந்தரம் இல்லை. அடுப்பு தேயும், புரதம் வளைந்து நெளிந்து கெட்டுப்போகும். சில புரதங்கள் சில நிமிஷம்தான் இருக்கும், சில மாதக்கணக்கில் இருக்கும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. ஒரு நாளைக்கு நாம் சாப்பாட்டில் எடுக்கிற புரதம் 60, 70 கிராம். நம்ம வீடுகளில் பெண்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் உடம்பு ஒரு நாளைக்குப் புதிதாகச் செய்கிற புரதம் 200 முதல் 300 கிராம். வரவு 70, செலவு 300. மிச்சம் எங்கிருந்து வருகிறது?

குழுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். 15 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 18,000 ரூபாய். ஆனால் வருஷக் கடைசியில் உள்கடன் கொடுத்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். பணம் புதுசா முளைக்கலை. திரும்ப வந்த பணமே மறுபடி கடனாகப் போனது. உடம்பும் அதையேதான் செய்கிறது. பழைய புரதத்தை உடைத்து, அதிலிருந்து வருகிற துண்டுகளை வைத்தே புதுப் புரதம் கட்டுகிறது. அந்தத் துண்டுகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். வீடு இடித்த செங்கல்லில் பாதியை எடுத்துத் திண்ணை கட்டுகிறோமே, அந்த மாதிரி.

ஈஸ்ட்டில் தெரிந்த இரகசியம்

செல்லுக்குள்ளே செரிக்கிற பை ஒன்று இருக்கிறது என்று 1955இல் கண்டுபிடித்தவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டுவே. அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். நம்ம வயிறு மாதிரி அதற்குள்ளேயும் புளிப்பும் செரிக்கிற நொதிகளும் இருக்கின்றன. செல் தன்னுடைய சொந்தச் சாமானையே இந்தப் பைக்குள் போட்டுச் செரிக்கிறது என்று தெரிந்ததும் 1963இல் அதற்கு ஆட்டோபேஜி என்று பெயர் கொடுத்தார். கிரேக்கச் சொல். தன்னைத்தானே தின்னுதல் என்று அர்த்தம்.

பெயர் வைத்தாச்சு. ஆனால் அது எப்படி நடக்கிறது, எந்த மரபணு அதை நடத்துகிறது என்று அப்புறம் 25 வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்தான் செல்போனில் வருகிற அந்தத் தாடிக்காரர், யோஷினோரி ஓசுமி. 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனியாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 43. அவர் எடுத்துக்கொண்டது மனிதரையும் இல்லை, எலியையும் இல்லை. ஈஸ்ட். பன்னும் ரொட்டியும் உப்பி வருவதற்குப் பேக்கரியில் போடுகிறார்களே, அந்த ஈஸ்ட்தான். ஒவ்வொரு ஈஸ்ட்டும் ஒரே ஒரு செல். அதற்குள்ளே ஒரு பெரிய செரிக்கும் பை இருக்கிறது. அந்தக் காலத்தில் அதை வெறும் குப்பைத் தொட்டி என்று நினைத்து யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவர் செய்த வேலையைப் பாருங்க, எவ்வளவு எளிமை. செரிக்கிற நொதி இல்லாத ஈஸ்ட்டாகப் பார்த்து எடுத்தார். அதைப் பட்டினி போட்டார். செல் தன் சாமானைப் பைக்குள்ளே அனுப்பும், ஆனால் செரிக்க நொதி இல்லை, அப்போது என்ன ஆகும்? பைக்குள் சாமான் தேங்க வேண்டும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சில மணி நேரத்தில் பைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டு இருந்தன. அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஈஸ்ட்டுகளில் மரபணுவைக் கெடுத்துப் பார்த்து, எதில் உருண்டை வரவில்லை என்று தேடினார். அவரும் அவர் மாணவர் மிக்கி சுகாடாவும் இப்படி 15 மரபணுக்களைக் கண்டுபிடித்து 1993இல் வெளியிட்டார்கள். அதே மாதிரி மரபணுக்கள் நம் உடம்பிலும் இருக்கின்றன. 2016இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கொடுத்தார்கள்.

கவனிங்க. பட்டினி கிடந்தது ஈஸ்ட். பரிசு கொடுத்தது, செல் தன் சாமானை எப்படி மூட்டை கட்டிச் செரிக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு. மனிதர் பட்டினி கிடந்தால் இன்ன நோய் தீரும் என்று அந்தப் பரிசில் ஒரு வார்த்தை கிடையாது.

அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி

செல்லுக்குள்ளே இந்த வேலை இரண்டு விதமாக நடக்கிறது. இந்த வித்தியாசம்தான் முக்கியம், செல்போன் செய்தியில் இதைத்தான் விட்டுவிட்டார்கள்.

செல்லுக்குச் சாப்பாடு வரவில்லை என்றால், கைக்கு அகப்பட்டதை வாரிப் போட்டுச் செரிக்கும். நல்லது கெட்டது என்று பெரிதாகப் பார்க்காது. உயிர் பிழைத்தால் போதும் என்கிற நிலைமை. பஞ்ச காலத்தில் அண்டாவையும் குத்துவிளக்கையும் அடகு வைத்து அரிசி வாங்கின மாதிரி. அதை யாராவது வீடு சுத்தம் பண்ணுவது என்று சொல்வோமா?

இன்னொன்று, பொறுக்கி எடுப்பது. இது பசி இல்லாதபோதும் தினமும் நடக்கிறது. கெட்டுப்போன சாமானை மட்டும் அடையாளம் கண்டு, அதை மட்டும் மூட்டை கட்டி, லைசோசோமுக்குள் தள்ளும். எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்பீர்கள். உடைக்க வேண்டிய சாமான்மேல் செல் ஒரு முத்திரை ஒட்டுகிறது. அந்த முத்திரையும் ஒரு சின்னப் புரதம்தான், பெயர் யுபிகுவிட்டின். இதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. முத்திரை ஒட்டின சாமான் சின்னப் புரதமாக இருந்தால் அரவை மிஷின் மாதிரி ஒரு குழாய் இருக்கிறது, அதில் போய் அரைபட்டுவிடும். பெரிய சாமானாக இருந்தால் அந்தக் குழாயில் நுழையாது. அப்போது இரட்டைத் தோல் உள்ள ஒரு பை அதைச் சுற்றி வளர்ந்து, வாயை மூடி, மூட்டையோடு லைசோசோமில் போய்ச் சேரும்.

மைட்டோகாண்ட்ரியா என்கிற அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட அடுப்பு எது என்று செல் கண்டுபிடிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிங்க் என்று ஒரு புரதம் இருக்கிறது. நல்லா எரிகிற அடுப்பாக இருந்தால் அது இந்தப் பிங்க்கை உள்ளே இழுத்து வெட்டிப் போட்டுவிடும், வெளியே தடயமே இருக்காது. அடுப்பு அணைந்துபோனால் இழுக்கச் சக்தி இல்லை. பிங்க் வாசலிலேயே நின்றுவிடும். வாசலில் அது நிற்பதைப் பார்த்துப் பார்க்கின் என்று இன்னொரு புரதம் வந்து அந்த அடுப்பு முழுக்க முத்திரை ஒட்டும். அப்புறம் மூட்டை, லைசோசோம். பார்க்கின் போய் அணைந்த அடுப்பில் ஒட்டுகிறது என்பதை 2008இல் காட்டினார்கள். இந்த இரண்டு மரபணுவில் ஏதாவது ஒன்று பிறவியிலேயே கெட்டிருக்கிறவர்களுக்குச் சின்ன வயதிலேயே நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் வருகிறது.

பசியில்லாமலே இது தினமும் நடக்கிறது என்றேனே, அதற்கு ஆதாரம் உண்டு. 2006இல் ஜப்பானில் எலிகளின் மூளைச் செல்லில் மட்டும் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். எலிகளுக்கு நல்லாத் தீனி போட்டார்கள், ஒரு நாளும் பட்டினி இல்லை. அப்படியும் மூளைச் செல்லில் கெட்ட புரதம் சேர்ந்து, செல்கள் செத்து, எலி சரியாக நடக்க முடியாமல் போனது. அதாவது வயிறாரச் சாப்பிடுகிற உடம்பிலும் இந்தத் துப்புரவு வேலை ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தொடங்கி வைக்க நீங்க பட்டினி கிடக்கணும்னு அவசியமில்லை.

தாய்மார்களுக்காக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். குட்டி எலி பிறந்து, தொப்புள்கொடி அறுந்து, தாய்ப்பால் கிடைக்கிற வரைக்கும் உள்ள அந்தச் சில மணி நேரம் இந்த ஆட்டோபேஜி அதன் உடம்பில் வேகமாக நடக்கிறது. தன் சாமானை உடைத்துத்தான் அந்த இடைவெளியைத் தாண்டுகிறது. இந்த மரபணு இல்லாத குட்டிகள் பிறந்த ஒரு நாளுக்குள் செத்துப்போயின என்று 2004இல் கண்டார்கள். இயற்கை அந்தப் பட்டினியைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறது, சரி. அதற்காக நம் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்.

இரத்தத்தில் நடக்கிற வரவு செலவு

இனிமேதான் நமக்கான கணக்கு வருகிறது.

உடம்பில் இருக்கிற செல்களில் பத்துக்கு எட்டு, இரத்தச் சிவப்பணுதான். இது எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. பிறக்கிறபோது எல்லா செல்லையும்போல அதற்கும் உட்கரு, அடுப்பு எல்லாம் இருக்கும். ஆனால் அதன் வேலை ஹீமோகுளோபினைச் சுமப்பது, அதை வைத்து மூச்சுக்காற்றைக் கொண்டுபோவது. லாரியில் சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஸீட்டையெல்லாம் கழற்றுகிற மாதிரி, முதலில் உட்கருவை வெளியே தள்ளிவிடும். பக்கத்திலேயே நிற்கிற விழுங்கும் செல் அதைத் தின்றுவிடும். அப்புறம் தன் மைட்டோகாண்ட்ரியாவை எல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி மூட்டை கட்டிச் செரித்துவிடும். இப்போது உள்ளே இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்கு. நான் இதுவரை சொன்ன பொறுக்கி எடுக்கிற வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உங்கள் ஒவ்வொருவர் எலும்புக்குள்ளும் இந்த நிமிஷமும் நடக்கிறது, ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் அணுக்களில்.

இப்படிப் பிறந்த அணு சுமார் 120 நாள் ஓடும். வயசாக ஆக விறைத்துப்போகும். மண்ணீரலில் குறுகலான இடுக்குகள் இருக்கின்றன. இளசாக இருக்கிற அணு வளைந்து நுழைந்து போய்விடும், கிழடு மாட்டிக்கொள்ளும். அங்கே இருக்கிற விழுங்கும் செல் அதை விழுங்கிவிடும். இது தன்னையே தின்பது இல்லை, ஒரு செல் இன்னொரு செல்லைத் தின்பது. ஆனால் உள்ளே போய்ச் செரிக்கிற விதம் அதே லைசோசோம் விதம்தான். ஹீமோகுளோபின் உடையும். புரதம் தனியாகப் போகும். சிவப்புச் சாயம் முதலில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, பித்தநீரில் போய்விடும். அடிபட்ட இடம் கன்றி, சில நாளில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி மறைகிறதே, அந்தக் கணக்குத்தான் உங்க தோலுக்கடியில் கண்ணெதிரே நடக்கிறது.

இரும்பை மட்டும் உடம்பு விடாது. ஒரு மில்லிகிராம்கூட வீணாக்காமல் எடுத்து, இரத்தம் வழியாக மஜ்ஜைக்கு அனுப்பி, புது அணு செய்யக் கொடுத்துவிடும். கையில் மிச்சம் இருந்தால் ஃபெரிட்டின் என்ற பெட்டியில் போட்டு வைக்கும். பிறகு தேவைப்பட்டால் அந்தப் பெட்டியை மட்டும் பொறுக்கி லைசோசோமில் போட்டுத் திறக்கும். பெட்டியைப் பிடித்துக் கொண்டுபோகிற புரதம் எது என்று 2014இல்தான் தெரிந்தது.

இப்போது நோட்டைத் திறந்து கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் உடம்பில் மொத்த இரும்பு 2 முதல் 3 கிராம், ஒரு சின்ன ஆணியின் எடை. ஒரு நாளைக்குப் புது இரத்தம் செய்யத் தேவைப்படுவது 20 முதல் 25 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பில் ஒட்டுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். மீதி எல்லாம் பழைய அணுவை உடைத்து எடுத்த இரும்பு. அசல் சுழல் நிதி!

சுழல் நிதி எப்போது காலியாகும்? வெளியே போன பணம் திரும்பி வராதபோது. மாதவிலக்கில் சாதாரணமாகப் போகிற 30, 40 மில்லி இரத்தத்தில் 12 முதல் 16 மில்லிகிராம் இரும்பு போய்விடும். அது மண்ணீரலுக்குத் திரும்பி வராது. அதிகமாகப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தப் பத்து மாதத்தில் தேவைப்படுவது சுமார் 1,000 மில்லிகிராம், அதாவது உடம்பில் இருக்கிற மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதி. வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது தனியாக உறிஞ்சும். சுழற்சி எவ்வளவு திறமையாக நடந்தாலும் புதிய இரும்பை அது உண்டாக்காது. இருப்பதைச் சுற்றிவிடும், அவ்வளவுதான். புதுசு வருகிற வழி ஒன்றே ஒன்று, வாய்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இந்தக் கூடத்தில் இருக்கிறவர்களை எண்ணிப் பாதியாக்குங்கள். இப்படிப்பட்ட நமக்குப் போய் இன்னும் சாப்பிடாதே என்று ஒரு செய்தி வருகிறது என்றால், அதை எழுதினவர் வயிறு நிறைந்தவர் என்றுதான் நினைக்கிறேன். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் தின்கிற வீட்டில் பெண் ஏற்கெனவே பட்டினி கிடந்துகொண்டுதான் இருக்கிறாள்.

செய்தியில் சொன்னது நிற்குமா?

புற்றுநோய் வராது என்கிறார்களே. கெட்ட சாமானை ஒழுங்காக அகற்றுகிற செல் புற்றாக மாறுவது குறையலாம் என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் புற்றுக்கட்டி வந்த பிறகு கதை தலைகீழ். கட்டிக்குள் இருக்கிற செல் சத்துப் போதாமல் தவிக்கும்போது இதே ஆட்டோபேஜியை வைத்துத்தான் உயிர் பிழைக்கிறது. அதைத் தடுத்துப் பார்க்கலாம் என்று ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்தைச் சிகிச்சையோடு சேர்த்துப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே புற்றுநோய் உள்ள ஒருத்தர் டாக்டரைப் பார்க்காமல் பட்டினியை மருந்தாக நினைப்பது ஆபத்து. சிகிச்சையைத் தாங்க உடம்பில் சதை வேண்டும், தெம்பு வேண்டும்.

16 மணி நேரத்தில் தொடங்கும் என்கிற கணக்கும் அப்படித்தான். இது சுவிட்ச் போட்டால் எரிகிற லைட் இல்லை. எப்போதும் கொஞ்சம் நடக்கும், சாப்பாட்டுக்குச் சாப்பாடு கூடும் குறையும். உறுப்புக்கு உறுப்பு மாறும். ஒருவர் உடம்பில் இன்று எவ்வளவு நடந்தது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது. அப்படியிருக்க மணியைக் குறித்துக் கொடுத்தது யார்?

உடற்பயிற்சி செய்த எலிகளின் தசையிலும் இது அதிகமாகிறது என்று 2012இல் கண்டார்கள். களை எடுத்து, தண்ணீர் சுமந்து, ஆடு ஓட்டுகிற நமக்கு யாரும் தனியாக ஓடச் சொல்லத் தேவையில்லை.

உறுப்பினர்கள் கேட்டவை

*டீச்சர், நான் கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருக்கேன். விடணுமா?*

விட வேண்டாம்மா. உடம்பு நல்லா இருக்கிறவங்க மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் இருப்பதில் தப்பில்லை. நம்ம பாய் வீட்டு அக்காமார்கள் நோன்பு வைக்கிறார்கள், அதுவும் அப்படித்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மட்டும் விரதத்துக்கு முன்னாடியே டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கு மருந்தை எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், இரத்தம் குறைவாக இருப்பவர்கள் விரதம் வேண்டாம். சாமி கோவிச்சுக்காது.

*எங்க மாமியார் சுவரொட்டி சாப்பிட்டா இரத்தம் ஊறும்னு சொல்வாங்க. நிஜமா?*

சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுவை உடைத்து இரும்பு எடுக்கிற இடம் என்று சொன்னேனே, அதேதான். அதில் இரும்பு நிறைய இருக்கிறது, கறியில் இருக்கிற இரும்பு உடம்பில் நல்லா ஒட்டும். கறி சாப்பிடாதவர்களுக்குக் கீரை, கேழ்வரகு, பயறு, வெல்லம் என்று சொல்வார்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் செடியில் இருக்கிற இரும்பு கொஞ்சம்தான் ஒட்டும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது சேர்த்தால் அதிகம் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் ஒட்டுவது குறைந்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்க. ஆனா, 8 கிராமில் இருக்கிறவங்க வெறும் சாப்பாட்டால் ஏற முடியாது, மாத்திரை போட்டே ஆகணும்.

*இரும்புச்சத்து மாத்திரை போட்டா வயிறு பிரட்டுது, மலம் கறுப்பா போகுது. பயமா இருக்கு.*

கறுப்பாகப் போவது உடம்பில் ஒட்டாத மிச்ச இரும்பு. பயப்பட வேண்டாம். வயிறு பிரட்டினால் இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்க. அப்படியும் முடியவில்லை என்றால் நிறுத்தாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்க, வேறு வழி உண்டு. கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தினம் ஒரு மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். நிறையப் பேர் வாங்கி டப்பாவில் போட்டு வைக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

*மூணு மாசமா மாத்திரை போடறேன், ஏறவே இல்லை டீச்சர்.*

அப்படியென்றால் வேறு காரணம் தேட வேண்டும். புழுவாக இருக்கலாம், குடற்புழு மாத்திரை போட வேண்டும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று பார்க்க வேண்டும். நாள்பட்ட காய்ச்சல், காசநோய் மாதிரி ஏதாவது இருந்தால் உடம்பு கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று விழுங்கும் செல்லுக்குள்ளேயே அதைப் பூட்டி வைத்துவிடும். பெட்டியில் பணம் இருக்கும், கடன் கொடுக்க முடியாது. அப்போது இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிப் பிரயோஜனம் இல்லை, மூல நோயைப் பார்க்க வேண்டும். நீங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மூணு மாசம் போட்டும் ஏறலைன்னு தெளிவாச் சொல்லுங்க. தலைசுற்றல்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க.

*பொம்பளைக்கு எத்தனை கிராம் இருக்கணும்?*

12க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11. கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நர்சம்மா மெஷினோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விரலில் ஒரு சொட்டு போதும். குழு வாரியாக வரிசையில் போய்ப் பாருங்க. ஊக்குநர்கள் ஒவ்வொருவர் எண்ணையும் குழு நோட்டிலே சேமிப்புக்குப் பக்கத்திலே எழுதி வையுங்க. மூணு மாசம் கழித்து மறுபடி பார்க்கும்போது அந்த நோட்டு வேணும்.